ஆகஸ்டில் போட்ட வேஷம்

அலோன்சோ பெட்டவே முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் அவர்மேல் ஒரு புகார் எழுதப்பட்டதில்லை. அவருடைய அப்பா வெள்ளைக்காரர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டு வாரத்துக்குப் பருத்தி போட்டவர். அவர் பெயரும் எந்தக் காவல் நிலையப் புத்தகத்திலும் ஏறியதில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடும்பம் மூன்று தலைமுறை அப்படிக் கழிப்பது லேசான காரியம் இல்லை. டன்லீத் ஊரில் பெட்டவே வீட்டைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. அப்படிப் பேச வேண்டியது அந்த வீட்டில் நடந்ததில்லை. நடந்தாலும் வாசலைத் தாண்டியதில்லை.

அவருக்கு ஒரே மகன், கார்லிஸ். தாய் சீக்கிரம் போய்விட்டாள். பள்ளியில் கணக்குக்கு மெடல் வாங்கியவன், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடிக் கல்லூரிக்குப் போனான், இருபத்திரண்டு வயதில் வடக்கே ஏரிக்கரை நகரத்து அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. எட்டு வருஷம் ஆடினான். அவன் இடம் மைதானத்தின் ஓரம். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் எங்கே போனாலும் இவன் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் இடுப்பைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓட வேண்டும். பந்து அவன் கையில் சேர்ந்துவிட்டால் ஆளைத் தரையில் சாய்க்க வேண்டும். சாய்க்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இவனைவிடக் கனமானவர்கள். பத்து தடவை தடுத்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு தடவை கோட்டை விட்டால் அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

இரண்டாம் வருஷம் கார்லிஸுக்குத் தலையில் அடி விழுந்தது. அடித்தவனின் முழங்கால் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இடித்தது, அவ்வளவுதான். மறுநாள் அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்கும் முன், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரு ஞாபகப் பரீட்சை உண்டு. பன்னிரண்டு சொற்களைக் காட்டி மறைப்பார்கள், கோடுகளையும் வட்டங்களையும் காட்டி மறைப்பார்கள், சிவப்பு வந்தால் ஒரு பொத்தான், நீலம் வந்தால் வேறு பொத்தான். அந்த மதிப்பெண்ணைப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அடிபட்ட பிறகு அதே பரீட்சை. மதிப்பெண் இறங்கியிருந்தால் பழைய இடத்துக்கு ஏறும்வரை ஆட விடமாட்டார்கள்.

கார்லிஸ் கெட்டிக்காரன். ஆகஸ்டில் அணியிலேயே அதிக மதிப்பெண் அவனுடையது. அதனாலேயே அடிபட்ட பிறகு ஏற முடியவில்லை. நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தான். அவன் இடத்தில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒருவன் நின்று இரண்டு பந்துகளைத் தட்டிப் பறித்தான். வருஷக் கடைசியில் கார்லிஸைக் கழற்றிவிட்டாலும் விடலாம் என்று பேப்பரில் வந்தது. டன்லீத்தில் முடி வெட்டும் கடையில் அந்தப் பேப்பர் மூன்று நாள் மேஜைமேல் கிடந்தது. அலோன்சோ அந்த மூன்று நாளும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

அந்தக் கோடையில் கார்லிஸ் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் ஒரு விஷயம் சொன்னான். அணியில் மூத்தவர்கள் எல்லோரும் ஆகஸ்டில் வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறார்களாம். உடை மாற்றும் அறையில் அதற்கு மக்கு வேஷம் என்று பெயராம். ஆகஸ்டில் மக்காக இருந்தால் நவம்பரில் மண்டை கலங்கினாலும் மதிப்பெண் இறங்காது, ஆடிக்கொண்டே இருக்கலாம். கெளுத்தி மீன் வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அவன் இதைச் சொல்லி முடித்தான்.

“நான் அப்படி எழுதினதே இல்லப்பா. என்னை மந்தம்னு எழுதி வெச்சிருவாங்க.”

“அந்தக் காயிதத்த யாரு பாப்பாங்க?”

“யாரும் பாக்க மாட்டாங்க. கிளப்போட இருக்கும்.”

“அப்ப எழுதிட்டுப் போறான். நீ வெளிய உக்காந்ததத்தான் ஊரு பாத்துச்சு. உள்ள எழுதி வெச்சத எவன் பாக்கப் போறான்? மீனு ஆறுது, சாப்பிடு.”

தம் வாழ்நாளில் காகிதத்தில் கெட்ட பெயர் ஏறாமல் காத்தவர் அந்த ஒரு தடவை ஏறட்டும் என்று விட்டார். மகன் களத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். அவர் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

கார்லிஸ் அதையும் கணக்கு மாதிரிதான் செய்தான். ஒரேயடியாகக் குறைந்தால் சந்தேகம் வரும். முந்தைய இரண்டு வருஷத்து நல்ல மதிப்பெண்களும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துப் போட்டவை என்று தானே எழுதிக் கொடுத்து, அபராதம் கட்டி, அவற்றை ரத்து செய்யவைத்தான். பிறகு பன்னிரண்டு சொற்களில் எத்தனையை மறக்க வேண்டும், எந்தப் பொத்தானை எத்தனை தடவை தாமதிக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டான். ஆறு வருஷமும் ஒரே அளவு மந்தம். போனில் இதைக் கேட்டபோது அலோன்சோ சிரித்தார். இப்படி மக்காக இருப்பதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வருஷமும் கார்லிஸ் ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காரவில்லை. ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் கூடத்தில் பெரிய டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவன் ஒருவனைச் சாய்க்கப் போய்த் தானே மல்லாந்து விழுந்தான். இரண்டு கைகளும் விறைத்து ஆகாயத்தைப் பார்த்து நின்றன. கொஞ்ச நேரத்தில் எழுந்து தானாக நடந்து வெளியேறினான். அடுத்த ஞாயிறு மறுபடி களத்தில் நின்றான். சபையே கைதட்டியது. “டீக்கன் ஐயா, உங்க ரத்தம்” என்று போதகர், சபையில் டீக்கன் பொறுப்பில் இருந்த அலோன்சோவின் தோளைத் தட்டினார்.

முப்பது வயதில் கால் வேகம் குறைந்து அவனை விட்டுவிட்டார்கள். டன்லீத்துக்கே திரும்பி வந்தான். மனைவி ரெனீட்டா பள்ளியில் தாதியாக வேலை பார்த்தாள். அவர்களுக்கு நயோமி என்று ஒரு பெண். ஐந்தாறு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்தாறில் தொடங்கியது. ஒரு ஞாயிறு சபையில் ஜெபம் சொல்ல எழுந்தவன் முதல் வரியையே மூன்று தடவை சொன்னான். நான்காவது தடவை தொடங்கும் முன் அலோன்சோ முன் வரிசையிலிருந்து உரக்க ஆமென் சொன்னார். எல்லோரும் சொல்லவேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அவன் பெயரை ஜெபப் பட்டியலிலிருந்து தாமே எடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கழிப்பறைக்குப் போயிருந்த ஒன்பது வயது மகளை மறந்துவிட்டு கார்லிஸ் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அலோன்சோதான் போய்க் கூட்டிவந்தார். வழியில் குழந்தையிடம், இதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அம்மாவிடமும் மெதுவாகச் சொல் என்றார்.

முன்னாள் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு வாரியம் உண்டு. ஆட்டத்தில் பட்ட அடியால் புத்தி தேய்ந்துவிட்டது என்று வாரியம் ஒப்புக்கொண்டால், மாநிலத் தலைநகர் ஜாக்ஸனில் இருக்கும் காப்பகத்தில் சாகும்வரை இடம். இரவு பகலாகத் தாதிகள் உண்டு. ரெனீட்டா மனுப் போட வேண்டும் என்றாள். மகனைப் பைத்தியம் என்று நாமே எழுதிக் கொடுப்பதா என்று அலோன்சோ ஒரு வருஷம் தடுத்தார். அந்த ஒரு வருஷத்தில் கார்லிஸ் இரண்டு தடவை ரெனீட்டாவைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். இரண்டு தடவையும் பிறகு அழுதான். அதற்கப்புறம்தான் அலோன்சோ தலையசைத்தார். தாமே உடன் வருவதாகவும் சொன்னார்.

வாரியத்து டாக்டர் மரியாதையான பெண்மணி. அதே பரீட்சையைக் கார்லிஸுக்கு வைத்தாள். பிறகு பழைய காகிதங்களை வரிசையாக மேஜையில் பரப்பினாள்.

“இன்னைக்கு இவர் எடுத்த மார்க் இது. இது இருபத்துநாலு வயசுல எடுத்தது. இது இருபத்தஞ்சு, இது இருபத்தாறு. பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க. இவர் இளவயசுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கார். ஆட்டத்தால ஆச்சுன்னு நான் எழுத முடியாது.”

ரெனீட்டா, அவர் கணக்கில் மெடல் வாங்கியவர் என்றாள். மெடலுக்கு மதிப்பெண் காகிதம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாள். அந்தப் பழைய பள்ளிக்கூடம் எரிந்துபோய்ப் பதினைந்து வருஷமாகிறது. முதல் இரண்டு வருஷத்து ஆகஸ்டுப் பரீட்சைகள் இருக்குமே என்றாள் ரெனீட்டா. அவை காப்பியடித்தவை என்று இவரே எழுதிக் கொடுத்து ரத்தாகியிருக்கின்றன என்று டாக்டர் அந்தக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினாள். கார்லிஸின் கையெழுத்து, அழகாக இருந்தது.

கார்லிஸ் அப்பா பக்கம் திரும்பி, “நான் பாஸா?” என்று கேட்டான்.

“பாஸ்தான், தொப்பியப் போட்டுக்க” என்றார் அலோன்சோ.

தீர்ப்பு தபாலில் வந்தது. கார்லிஸ் பெட்டவே இளவயதிலிருந்தே மந்தமான அறிவுத்திறன் உடையவர், எனவே மனு தள்ளப்படுகிறது என்று எழுதியிருந்தது. அலோன்சோ அந்த வரியை நின்றுகொண்டே படித்தார். எங்கள் வீட்டில் எவனடா மந்தம் என்று யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க எதிரில் யாரும் இல்லை.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் கொடுத்திருந்தார்கள். வக்கீலுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆறு வருஷமும் அது வேஷம் என்று, அப்போதே தெரிந்த ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். கார்லிஸுக்கு ஒன்றும் நினைவில்லை. கூட ஆடியவர்கள் இப்போது அணிகளில் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள், போனை எடுக்கவில்லை. ரெனீட்டாவிடம் அவன் அதைச் சொன்னதே இல்லை. தபாலில் தீர்ப்பு வந்த அன்று மாமனார் கோபத்தில் வாய்தவறி, அவன் நடித்ததை இவர்கள் நம்பிவிட்டார்கள் என்று சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அவள் காகிதத்தோடு வந்தாள். அலோன்சோ சமையலறையில் சபைக்கு வேண்டிய அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே பேசினாள். இது நீதிமன்றம் இல்லை, ஒரு பக்கம், ஒரு கையெழுத்து, விசாரணையில் படிப்பார்கள், அவ்வளவுதான் என்றாள்.

விசாரணை திறந்த அறையில்தானே என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். பேப்பர்காரன் வருவானா என்றார். வரலாம் என்றாள்.

அந்த மாதம்தான் பள்ளிக்கூட நிர்வாகம் புது ஃபுட்பால் மைதானத்துக்குக் கார்லிஸின் பெயரை வைக்க முடிவு செய்திருந்தது. அக்டோபரில், பழைய மாணவர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் வெள்ளிக்கிழமை, பலகை திறப்பு. ஏமாற்றி ஆடினான் என்று பேப்பரில் வந்தால் அந்தப் பலகை ஏறாது. அவன் ஏமாற்றினான், அப்பாவான டீக்கன் செய்யச் சொன்னார் என்று வந்தால் சபையில் முன் வரிசையிலும் உட்கார முடியாது.

“மாமா, உங்களை ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. நடந்தத எழுதுங்க.”

“நடந்துச்சு. அதனாலதான் எழுத மாட்டேன்.”

“அவரை மந்தம்னு எழுதிட்டானே. அது உங்களுக்கு அவமானமா இல்லையா?”

“அது ஜாக்ஸன்ல ஒரு அலமாரியில இருக்கு. நீ கேக்கறது ஊரு வாயில இருக்கும்.”

“அவர் ராத்திரி தூங்கறதில்ல. நான் கத்திய எல்லாம் எடுத்து கார்ல பூட்டி வெச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?”

“எம் புள்ள அவன். எனக்குத் தெரியாதா?”

அவள் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதன்மேல் அவரைக்காய்த் தோலைக் கொட்டி, சுருட்டிக் குப்பையில் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை டன்லீத்தில் கடைகள் மூன்று மணிக்கே அடைத்தன. மேளக்காரப் பிள்ளைகள் வந்தார்கள், தலைமை ஆசிரியர் ஹோலிஸ் பேசினார். கார்லிஸுக்குச் சாம்பல்நிற சூட். அலோன்சோ முழங்கையைப் பிடித்து மேடைக்கு நடத்திச் சென்றார். நடுவழியில் கார்லிஸ், நம் அணி எந்த நிறம் என்று கேட்டான். நீலம் என்றார். மைக் கொடுத்தபோது, மகனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அவன் சார்பாக நான் பேசுகிறேன் என்று தாமே வாங்கிக்கொண்டார். மூன்று தலைமுறையைப் பற்றிப் பேசினார். பருத்திக் காட்டைப் பற்றிப் பேசினார். பலகையை மூடியிருந்த துணி விலகியபோது பெட்டவே மைதானம் என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை. மகனின் கையை அவர்தான் பிடித்து உயர்த்தி ஆட்டினார்.

ரெனீட்டா மேடைக்கு வரவில்லை. கார்கள் நிற்கும் இடத்தில், பின் சீட்டில் நயோமியும் பெட்டிகளுமாகக் காத்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் மாமனாரிடம் மருந்து டப்பாவைக் கொடுத்தாள். காலையில் வெள்ளை மாத்திரை இரண்டு, மதியம் நீலம், அது தவறினால் கை நீளும் என்றாள். ஜாக்ஸனில் வேலை கிடைத்திருக்கிறது.

“திங்கக்கிழமையோட அறுபது நாள் முடியுது. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டா கூப்பிடுங்க, வர்றேன். இல்லேன்னா பலகை ஊரோடது, ஆளு உங்களோடது.”

கார்லிஸ் ஜன்னல் வழியாக மகளுக்குக் கை கொடுத்தான், யாரோ ரசிகைக்குக் கொடுப்பதுபோல. குழந்தை அந்தக் கையை விடவில்லை. ரெனீட்டா வண்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை போனது.

அலோன்சோ மகனைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். குளிப்பாட்டினார், சோளக்கஞ்சி ஊட்டினார், சபைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினார். கேட்டவர்களிடம் கார்லிஸ் ஜாக்ஸனில் மனைவியோடு இருப்பதாகச் சொன்னார். ஜன்னல்களில் கெட்டித் திரை போட்டார். மகன் சில நாள் அவரை அப்பா என்பான், பல நாள் கோச் என்பான். கோச் என்று கூப்பிடும் நாட்கள் சுலபமாக இருந்தன. கோச் சொன்னால் எதையும் கேட்டான். பழைய ஆட்டங்களின் பதிவைப் பின் அறையில் போட்டு, பார் என்றால் பார்ப்பான். எழுந்திரு என்று சொல்லும்வரை எழ மாட்டான். எட்டு வருஷம் அப்படிப் பழகிய ஆள்.

பிப்ரவரியில் ஒரு காலை, அலோன்சோ துவைத்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்தார். கார்லிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். இரண்டு அடி பின்னால் வைத்தான், தோளைத் தாழ்த்தினான். எழுபத்துமூன்று வயது உடம்பு சுவரில் மோதித் தரையில் விழுந்தது. இடுப்பில் ஏதோ முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. கார்லிஸ் எழுந்து நின்று, சாய்த்தவனைத் தூக்கிவிட ஆட்டக்காரர்கள் நீட்டுவதுபோல், கையை நீட்டினான். முகத்தில் கோபமே இல்லை.

அலோன்சோ அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வலியில் கண் இருட்டியபோதும் அவருக்கு முதலில் தோன்றியது, ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வருவார்களே என்பதுதான்.

“போ. பின் ரூம்ல உக்காந்து ஆட்டத்தப் பாரு. சத்தத்தக் கொற. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வரக் கூடாது.”

“சரி கோச்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

தூக்க வந்த இருவரில் ஒருவன் அவருடைய பேருந்தில் பள்ளிக்குப் போனவன். எப்படி ஐயா விழுந்தீங்க என்றான். வாசல் படியில் விழுந்து, உள்ளே தவழ்ந்து வந்தேன் என்றார். வீட்டைப் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்த பிறகு ஒரு பெண் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். முதியவர்களை விசாரிக்கும் அரசாங்க வேலை அவளுடையது. விலாவில் இருக்கும் கன்றல் படியில் விழுந்து வருவது இல்லை, ஒருவர் தோளால் இடித்தால் வருவது என்று பொறுமையாகச் சொன்னாள்.

“யாராவது இடிச்சிருந்தா சொல்லுங்க ஐயா. அவங்களுக்குத் தண்டனைன்னு நெனக்காதீங்க. சுகமில்லாதவங்களா இருந்தா அரசாங்க டாக்டர் வந்து பாத்தே ஆகணும். ஒரு வாரத்துல எடம் போட்டுக் குடுப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அலோன்சோவுக்குப் புரிந்தது. வாரியம் தள்ளியதை இவள் கொடுக்கிறாள், கட்டில், தாதி, மருந்து, எல்லாம். அதற்கு இவள் எழுத வேண்டியது, கார்லிஸ் பெட்டவே தகப்பனை அடித்தான் என்பது. அது மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்கள் அவருடைய சபைக்காரர்கள்.

“படியில விழுந்தேன். பனி உறைஞ்சிருந்துச்சு. எழுதிக்கம்மா.”

அவள் அப்படியே எழுதினாள்.

“வீட்ல வேற யாரு இருக்கா? மூணு வாரமாவது இங்க இருக்க வேண்டிவரும். யாருக்காவது சொல்லணுமா?”

“யாரும் இல்ல.”

“பையன்?”

“அவன் ஜாக்ஸன்ல.”

அவள் அதையும் எழுதினாள். காகிதத்தை அவர் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். வீட்டைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பேனாவை வாங்கி, நடுப் பெயரையும் சேர்த்து முழுதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மணி என்ன என்று கேட்டார். மூன்றரை என்றாள். நீல மாத்திரையின் நேரம் தாண்டிவிட்டது. காலைக் கஞ்சியும் அவன் இன்னும் குடித்திருக்கவில்லை. அலோன்சோ தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் திரையை இழுத்துவிடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். இழுத்துவிடு என்றார்.